பதினேழாம் வரிசையில் ஒரு தூக்கம்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள்மேலும் சத்தியமாகச் சொல்கிறேன். வலது கண்ணில் போன வருடம்தான் புரை எடுத்தார்கள் என்பதால் அந்தக் கண்மேல் செய்கிற சத்தியம் கூடுதல் தெளிவாகவே இருக்கும். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நிமிஷம் பிசகாமல் நோட்டில் எழுதியவன். ஒரு டிரைவர் ஏழு நிமிஷம் தாமதமாக வந்து, "அஞ்சுன்னு போட்டுக்கங்களேன், குடியா முழுகிடும்?" என்று கெஞ்சினான். ஏழு என்றுதான் எழுதினேன். அந்த டிரைவர் என் மைத்துனன். வீட்டுக்காரி ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட ஆள் சொல்கிற நேரக் கணக்கை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

அண்ணன் மகன் ஃபோன் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று இருபதுக்கு.

"சித்தப்பா, நான்தான் பேசறேன்."

"தெரியுது, சொல்லு."

"அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு இதயத்துல ஆபரேஷன். இந்த வயசுல பாதிக்குப் பாதிதான், அப்புறம் உங்க அதிர்ஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ளே கொண்டு போறதுக்கு முன்னாடி உங்களைப் பார்க்கணுமாம்."

"அவரா சொன்னார்?"

"அவர்தான். அவனை வரச் சொல்லுன்னார்."

"அவன்னு சொன்னா நான்தான்னு எப்படி முடிவு பண்ணினே?"

"வேற யாரை சித்தப்பா அவர் அப்படிச் சொல்லுவார்? மத்த எல்லாரையும் பேர் சொல்லித்தானே திட்டுவார்."

பையன் சொன்னது நியாயம்தான்.

அண்ணனும் நானும் பேசி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. வாய்க்கால் தகராறு இல்லை, வரப்புத் தகராறு இல்லை. இதே பையனின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோதான் காரணம். "பெரியவர் மட்டும் கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றார் போட்டோக்காரர். அண்ணன் ஓர் எட்டு முன்னால் வைத்தார். ஆல்பம் வந்தபோது பார்த்தால், நாற்பத்திரண்டு பேர் நிற்கிற படத்தில் நான் நின்ற இடத்தில் ஒரு காது மட்டும் இருந்தது. காது நன்றாகத்தான் விழுந்திருந்தது. இருந்தாலும் கேட்டேன். "உன் மூஞ்சியைப் பார்க்கவாடா ஆல்பம் போட்டோம்?" என்றார். அதோடு சரி. மூத்தவர் அவராகப் பேசட்டும் என்று நான் இருந்தேன். இளையவன் இவனாக வரட்டும் என்று அவர் இருந்தார். இரண்டு பேருமே பொறுமைசாலிகள்.

அவர் இருந்த ஊருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். ரயிலில் போனால் ஒன்றரை நாள். காலை ஆறு நாற்பது விமானத்துக்கு மருமகப்பிள்ளை டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, இது பஸ் இல்லை. முன் சீட்டை முட்டியால இடிக்காதீங்க. செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி மேல வெச்சுக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவங்க கிட்ட எந்த ஊரு, என்ன வேலை, எத்தனை பசங்கன்னு விசாரணை வெக்காதீங்க. கைப்பிடி ரெண்டு பேருக்கும் பொது. வண்டி நின்னதும் முண்டியடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கக் கூடாது. முன் வரிசை எல்லாம் இறங்கின அப்புறம்தான் நாம."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

வீட்டுக்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஒழுங்கா நடந்துக்குவார்டி. வெளியாளுங்க கிட்ட உங்கப்பா தங்கம். சொந்தக்காரங்க கிட்டதான் தகரம்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பதினேழாம் வரிசையில் ஜன்னலோர சீட்டு. ஓரத்து சீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். அவர் தலைமையாசிரியை என்று யாரும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்ததும் முன் வரிசையில் இரண்டு பேர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள், அதில் தெரிந்தது. நடு சீட்டுக்கு ஓர் ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. கண் இரண்டும் கோவைப்பழம். உட்காருவதற்கு முன்னால், "மன்னிக்கணும் சார், நான் கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். பொதுக் கைப்பிடி இரண்டையும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மகளின் தாள் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"கிரேன் ஓட்டறேன் சார். துறைமுகத்துல. பாரத்தைத் தூக்கறது சுலபம். சத்தம் கேட்காம இறக்கி வெக்கறதுலதான் வேலையே இருக்கு."

"ஊருக்குத் திரும்பறீங்களா?"

"ஆமாம் சார். அம்மாவுக்கு முடியாம இருந்தது. பன்னிரண்டு நாள் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். நான் தூங்கிட்டா அவங்க கிளம்பிடுவாங்களோன்னு ஒரு பயம். அதனால தூங்கவே இல்லை."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"முந்தாநாள் முடிஞ்சுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாங்க." கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத் தூங்கலாம் சார். ஆனா வர மாட்டேங்குது. தூக்கத்துக்கு நான் யாருன்னு மறந்து போச்சுபோல."

விமானம் ஆறு நாற்பத்திரண்டுக்குக் கிளம்பியது. இரண்டு நிமிஷத் தாமதம். ஏழு மணி ஒன்பது நிமிஷத்துக்கு அவருடைய தலை என் வலது தோளில் வந்து இறங்கியது. கிரேன்காரர் தலை அல்லவா, சத்தமே கேட்கவில்லை.

என் கவலை எனக்கு. எட்டு வருடம் கழித்து அண்ணனைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வது? 'எப்படி இருக்கீங்க' என்று கேட்க முடியாது, நெஞ்சைப் பிளக்கப் போகிற ஆளிடம் அது கிண்டல். 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க முடியாது, ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். 'வந்துட்டேன்' என்றால், 'தெரியுது' என்பார். 'மன்னிச்சுக்கங்க' என்று சொல்ல வாய் வரவில்லை, காது மட்டும் விழுந்தது எனக்குத்தானே. இப்படி ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது டீ வண்டி வந்தது.

விமானப் பணிப்பெண் என் தோளைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். டீ வாங்க வேண்டுமானால் வலது கையை நீட்ட வேண்டும். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். "பன்னிரண்டு நாளாத் தூங்கலையாம்" என்று தலைமையாசிரியை அவளிடம் மிக மெல்லச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. வண்டியின் நாலு சக்கரத்துக்கும் கைத்துண்டு சுற்றித் திரும்பத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

செய்தி பரவிவிட்டது. பதினாறாம் வரிசைக்காரர் சாய்த்து வைத்திருந்த சீட்டை, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, ஒவ்வோர் அங்குலமாக நிமிர்த்தினார். பதினெட்டாம் வரிசைக்காரருக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அதை உள்ளேயே நிறுத்திவிட்டார். அந்தத் தும்மலைக் கீழே இறங்கி, ஓடுபாதை தாண்டி, புல்வெளியில் போய்த்தான் விட்டார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தாம் வரிசையில் வீறிட்டுக்கொண்டிருந்த கைக்குழந்தையை அதன் தாய் தூக்கி எங்கள் பக்கம் காட்டினாள். குழந்தை அந்த ஆளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு வாய்க்குள் கட்டைவிரலைப் போட்டுக்கொண்டது. இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பை விமானி ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. முதல் வரிசையில் காதோடு சொல்லி அனுப்பினார். அது முப்பது வரிசை தாண்டிக் கடைசி ஆள் வரை, வெளியே இருக்கிற வெப்பநிலை உட்பட, அட்சரம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

எட்டு முப்பத்தைந்துக்கு இறங்கினோம். இறங்கிவிட்டோம் என்பது மரங்கள் நின்றதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

விமானம் நின்றதும் நூற்றெண்பது பெல்ட்டும் ஒரே நேரத்தில் டக் என்று கழலுமே, அது நடக்கவில்லை. தலைமையாசிரியை ஒற்றை விரலைத் தூக்கினார். எல்லோரும் பெல்ட் கொக்கியின்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி, ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு, பெட்டிகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வரிசையாக இறங்கினார்கள். முண்டியடித்தவர் ஒருவர் இல்லை. எங்கள் வரிசையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் அந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒரு சாவு வீட்டைத் தாண்டிப் போகிற மாதிரிதான் இருந்தது.

கடைசியில் தலைமையாசிரியை எழுந்தார். என் பக்கம் குனிந்து கேட்டார். "உங்களுக்கு எங்கேயும் போக வேண்டாமா?"

"பதினோரு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும்மா. அண்ணனுக்கு ஆபரேஷன்."

"பெரிய ஆபரேஷனா?"

"இதயம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"நாற்பது நிமிஷம்."

"அப்ப நேரம் இருக்கு. எழுப்புங்க. தப்பில்லை. நாலு வார்த்தை சொன்னா இந்த மனுஷனே உங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் விடுவார்."

"பன்னிரண்டு நாள் தூங்காத ஆளை எப்படிம்மா எழுப்பறது?"

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் எழுப்பட்டுமா?"

"வேண்டாம்."

"அண்ணன்னு சொன்னீங்களே?"

"வேண்டாம்மா. பாவம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரீட்சையில் காப்பியடிக்கிற பையனைத் தூரத்திலிருந்து பார்க்கிற பார்வை அது. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு என் பேன்ட்டின் வலது பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. அண்ணன் மகனாகத்தான் இருக்கும். அதை எடுக்க வேண்டுமானால் வலது கை அசைய வேண்டும், கை அசைந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் தலை அசையும். இருபத்துமூன்று தரம் அதிர்ந்து நின்றது.

துப்புரவு செய்கிற அம்மாள் துடைப்பமும் பையுமாக ஏறினார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, குப்பையைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"எழுப்பி விடுங்க பெரியவரே, அடுத்த சவாரிக்கு ஆளுங்க நிக்கறாங்க" என்றார் கிசுகிசுப்பாக.

"நீங்க எழுப்புங்களேன்."

"நல்லா இருக்கே! எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? உங்க தோள்தானே?"

"உங்க விமானம்தானே?"

"என் விமானமா? கேட்டுக்கங்க கதையை! நாளையிலிருந்து நானே ஓட்டிடறேன்." என் கால்மாட்டில் இருந்த ஒரு பிஸ்கட் துணுக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பிறகு விமான நிலைய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், ஒரு தடித்த சட்டப் புத்தகத்தோடு. நின்றபடியே புரட்டினார். குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிற பயணியை என்ன செய்வது என்று இருந்தது. இறங்க மறுக்கிற பயணியை என்ன செய்வது என்று இருந்தது. மறுக்கவும் செய்யாமல் இறங்கவும் செய்யாமல் துக்கத்தில் தூங்குகிற பயணியை என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆபத்து வந்தால் எழுப்பலாம் என்று இருந்தது. இது ஆபத்தா என்று யோசித்தபடி அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கே கொட்டாவி வந்துவிட்டது. புத்தகத்தை மூடினார்.

"ஐயா, இந்த விமானம் ஒன்பது இருபத்தைந்துக்கு நீங்க கிளம்பின ஊருக்கே திரும்பிப் போகுது. மறுபடி மதியம் இங்கே வரும். அதுவரைக்கும் உங்க தோளைத் தர முடியுமா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தியம் செய்திருப்பதால் சொல்லாமல் விட முடியாது. என் இடது கை சும்மாதான் இருந்தது. அந்த ஆளை உலுக்க அது போதும். கையைத் தூக்கினேன்கூட. அவருடைய தோளுக்கு நாலு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோனேன். அப்போது அவர் தூக்கத்தில், "இங்கதாம்மா இருக்கேன்" என்றார்.

கையை மடக்கிக்கொண்டேன். அந்த ஆளுக்காக மடக்கியதுபோலத்தான் அன்றைக்கு அதிகாரியிடம் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் எனக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. முதல் வார்த்தை எனக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை.

"தாராளமா" என்றேன் அதிகாரியிடம்.

புதுப் பயணிகள் ஏறினார்கள். வெறுங்காலோடுதான். பதினேழாம் வரிசையில் ஜன்னலோரமும் நடுவும் ஒரு புதுமணத் தம்பதிக்கு எழுதியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளை, "பரவாயில்லைங்க, இனிமே ஆயுசு பூரா பக்கத்துலதானே உட்காரணும்" என்று வேறு சீட்டுக்குப் போனார். பெண் அவரைவிட வேகமாக எதிர்ப்பக்கம் போனாள்.

ஒன்பது இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். மேகத்துக்கு மேலே வெயில் அடித்தது. அந்த ஆளின் முகத்தில் வெயில் விழாமல் இருக்க ஜன்னல் மறைப்பை இடது கையால் இறக்கினேன். வலது கை என்னுடையதா அவருடையதா என்று எனக்கே மறந்துவிட்டிருந்தது. பத்தரை மணிக்கு, இந்நேரம் அண்ணனுக்குப் பச்சை அங்கி போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஏதோ நான் தோளை அசைக்காமல் வைத்திருக்கிற வரைக்கும் அங்கேயும் ஒன்றும் அசையாது என்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று இருபதுக்கு எங்கள் ஊரிலேயே மறுபடி இறங்கினோம். ஃபோன் நாலு தரம் அதிர்ந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை விமானியே தன் அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"கை வலிக்குதாய்யா?" என்று கேட்டார்.

"இல்லை தம்பி. நீங்க ரோட்டைப் பாருங்க" என்றேன்.

பன்னிரண்டு நாற்பதைத் தாண்டினபோது அந்த ஆள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவுதான். அசையவில்லை.

இரண்டு மணிக்கு இறங்கினோம். சக்கரம் தரையைத் தொட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். யாரும் எழுப்பவில்லை. பாரத்தை இறக்கி வைத்த மாதிரி மெதுவாகத் தலையைத் தூக்கினார். என் தோளைப் பார்த்தார், சட்டையில் அவருடைய காதின் அச்சு முழுசாக விழுந்திருந்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்கங்க சார். தோள்லயே தூங்கிட்டேனா? ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா?"

"பரவாயில்லை."

"உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

"சரியான நேரத்துக்கு வந்துட்டோமா?"

முப்பத்தொரு வருடம் ஏழு நிமிஷத்தை ஐந்து என்று எழுதாத ஆளிடம் கேட்ட கேள்வி அது.

"சரியான நேரம்தான்" என்றேன்.

அவர் எழுந்து, மேலே இருந்து என் பையை எடுத்துக் கொடுத்து, நான் முதலில் போகட்டும் என்று வழிவிட்டு நின்றார். நீங்க போங்க என்று நான் சொன்னேன். நீங்கதான் சார் பெரியவர் என்று அவர் சொன்னார். அங்கேயும் ஒரு நாலு நிமிஷம் போயிற்று.

அன்றிலிருந்து என் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்துதான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் என் தையல்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மூன்றாவது மாடி. நீளமான தாழ்வாரம், அதன் கடைசியில் அண்ணன் மகன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு நாற்பது."

அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அதன்மேல் ஒரு கைக்குட்டை, பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுகிற மாதிரி, நாலு மூலையும் இழுத்து விரித்திருந்தது.

"இதுல யாரையும் உட்கார விடலை சித்தப்பா. காலைல எழுந்ததும் அவரே போட்டு வெச்சுட்டார். அம்மா உட்காரப் போனாங்க, கட்டில்ல உட்காருன்னுட்டார். பெரிய டாக்டர் வந்தார், அவரும் நின்னுக்கிட்டேதான் பேசினார். அவன் வருவான், அவனுக்கு முட்டி சரியில்லை, வந்தா நிக்க முடியாதுன்னார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"தள்ளிக்கிட்டுப் போறப்ப ஒண்ணு சொன்னார். போட்டோக்காரன்தான் முன்னாடி வரச் சொன்னான், நானா வரலைன்னு அவன் கிட்டச் சொல்லிடு, அப்படின்னார்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உட்காருங்க சித்தப்பா. உங்களுக்குத்தான் போட்டு வெச்சார்."

உட்காரவில்லை. முட்டி வலித்தது, நின்றேன். யாராவது வந்து நேரத்தைக் கேட்டிருந்தால் நோட்டில் எழுதுவதுபோலச் சொல்லியிருப்பேன், மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிஷத் தாமதம் என்று. யாரும் கேட்கவில்லை. பையன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதான். அவன் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தேன். வலது கை இன்னும் மரத்துப்போயிருந்தது. இடது கையை வைத்தேன்.

விமானமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. அண்ணன் வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவர் இறந்தது அங்கே, அவருடைய கட்டிலில்தான். நடுவில் இருக்கிற தெருவின் அகலம் பதினெட்டு அடி.